பத்தாயிரம் விதமும் ஒரு தாழ்ப்பாளும்

டிக். டிக். டிக். டிக்.

சத்தம் முன் கதவிலிருந்து வந்தது. டிசம்பர் மாதம், மாலை ஐந்து மணிதான். ஆனால் எங்கள் கிளேர் மாவட்டத்தில் அந்த நேரத்துக்கே வெளியே மை பூசினாற்போல் இருக்கும். என் கணவன் ஃபெர்கல் வீட்டில் இல்லை. நான் இருந்தேன். என் இடுப்பில் டாரா இருந்தான். டாராவின் வாயில் என் தோள்பட்டை இருந்தது. பல் முளைக்கிற குழந்தைக்கு அம்மா என்பவள் ஒரு தின்பண்டம்.

வெளியே யாரோ பூட்டின் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். டிக், டிக். கொஞ்சம் யோசனை. டிக், டிக். கைப்பிடி கரகரத்தது. திறக்கவில்லை. மறுபடியும் டிக்.

நான் பிறவிக் கோழை இல்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தபோது கல்லறைத் தோட்டத்தின் வழியாக இருட்டில் தனியாகப் பாடிக்கொண்டே விடுதிக்குத் திரும்பியவள். டாரா பிறந்த அன்று கூடவே பயமும் பிறந்தது. இரட்டைப் பிள்ளை. ஒன்றை எடைபோட்டுத் தொப்பி மாட்டிக் கொடுத்தார்கள். மற்றதை, அந்தப் பயத்தை, எடை போடாமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து பாய்லர் இருமினால் எனக்குத் திருடன். காற்றில் முன் கதவின் கடிதத் துளை மூடி தட்டினால் கொலைகாரன். ஃபெர்கல் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற வேலையில் இருக்கிறான். இரவு ஷிஃப்ட். அவன் போனதும் சமையலறைக் கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு, விடியும்வரை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மூலையில் சாத்தியிருந்த, ஹர்லிங் பந்து அடிக்கிற மட்டையை ஒரு கையால் எடுத்தேன். கதவு திறந்தது. முதலில் ஒரு தட்டு உள்ளே வந்தது. அதன் பின்னால் பக்கத்து வீட்டு மிஸஸ் டால்ட்டி வந்தார்.

"அடிச்சிடாத பொண்ணே. ஆப்பிள் கேக் சூடா இருக்கு."

"நீங்க எப்படி உள்ள வந்தீங்க?"

"கதவு வழியாத்தான். முப்பது வருஷமா பக்கத்துல இருக்கேன், இந்தக் கதவு வழியா வர்றது இதுதான் முதல் தடவை. அழகாத்தான் இருக்கு உங்க கூடம்."

"மிஸஸ் டால்ட்டி, அதுக்கு எண் வேணும்."

"வேணும்தான். போட்டேன்."

"யார் சொன்னாங்க?"

"யார் சொல்லணும்? முன் கதவுல ஏதோ புதுசா மாட்டியிருக்கான்னு தபால்காரர் சொன்னார். பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். நம்ம ஊர் ஆம்பள ஒருத்தன் நாலு எண் யோசிச்சா வேற என்ன யோசிப்பான்? ஹர்லிங்ல நாம கோப்பை ஜெயிச்ச வருஷம். தொண்ணூத்தஞ்சு போட்டேன், அசையல. தொண்ணூத்தேழு, அசையல. ரெண்டாயிரத்துப் பதிமூணு, திறந்துடுச்சு. அதுவும் ஒரு கையில தட்டு வேற. அவசரத்துல மூணை முதல்லயும் ரெண்டைக் கடைசியிலயும் அமுக்கிட்டேன். பாவம், பூட்டு தப்பா எடுத்துக்கல."

மட்டையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். 

அந்தப் பூட்டு அன்று காலைதான் எங்கள் குடும்பத்தில் சேர்ந்தது. நான் டாராவைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோயிருந்த நேரத்தில் ஃபெர்கல் அதை மாட்டிவிட்டு, திருமண வரவேற்புக்கு நிற்பவனைப்போல் வாசலில் நின்றான்.

"ரோஷின், இனிமே நம்ம வீட்ல சாவிங்கற பேச்சே கிடையாது."

சாவி என்ற பேச்சு ஏற்கனவே குறைவுதான். ஒன்றை மீன் பிடிக்கப் போன இடத்தில் ஆற்றுக்குக் கொடுத்தான். ஒன்றை யாருடைய டிராக்டரிலோ விட்டான். ஒன்று விமானத்தில் ஏறி எங்கேயோ போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் வெளிநாடு பார்த்தது அது ஒன்றுதான்.

"நான் கேட்டது ஒரு தாழ்ப்பாள், ஃபெர்கல்."

"தாழ்ப்பாளா? அது குகையில இருந்தவன் கண்டுபிடிச்சது. உள்ளேருந்து போட்டுட்டு நீ தூங்கிட்டேன்னா, விடியக்காலைல மழைல வர்ற நான் எங்க போறது?"

"நான் எப்ப தூங்கினேன்?"

"இதைப் பாரு. பேட்டரி கிடையாது, கரண்ட் கிடையாது. வெறும் இரும்பும் ஸ்பிரிங்கும். பத்துப் பொத்தான், நாலு எண். மொத்தம் பத்தாயிரம் விதம். திருடன் ஒவ்வொண்ணா அமுக்கிப் பாக்கறதுக்குள்ள அவனுக்குப் பென்ஷன் வந்துடும்."

"சரி, எண் என்ன?"

"அதை அப்புறமா சொல்றேன். இப்ப சொன்னா சாயங்காலத்துக்குள்ள மிஸஸ் டால்ட்டிக்குத் தெரிஞ்சிடும்."

அதைத்தான் இப்போது நினைத்துக்கொண்டு அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் டாராவின் ஈறில் விரல் வைத்து மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவன் சொக்கிப்போய்க் கிடந்தான்.

"கண்ணு ரெண்டும் குழி விழுந்து கிடக்கே உனக்கு. அவனைப் பகல் ஷிஃப்டுக்கு மாறச் சொல்லக் கூடாதா?"

"இடமே இல்லையாம், மிஸஸ் டால்ட்டி."

"யார் சொன்னது? எங்க அக்கா பையன் அங்கதான இருக்கான். கேட்டான், ரெண்டே வாரத்துல மாத்திட்டாங்க. பகல்ல ஆள் பத்தாம தவிக்கறாங்களாம்."

 அவர் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"பல்லு முளைக்கற வீட்ல ராத்திரி ஷிஃப்டு ஆம்பளைக்கு மோட்சம், பொண்ணே. எங்க வீட்டுக்காரரு அஞ்சு பிள்ளைக்கும் பல்லு முளைக்கறப்ப கடல்ல மீன் பிடிக்கப் போனாரு. அவருக்கு நீச்சல்கூடத் தெரியாது."

அவர் போனதும் நான் சமையலறை மேசையில் கணக்குப் போட்டேன். இந்தப் பூட்டில் ஒரு பொத்தானை ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்தில் ஒன்பது இரண்டு தடவை வருகிறது; அதனால்தான் அந்த வருடம் ஆகவில்லை. நாங்கள் ஜெயித்த வருடங்களில் நான்கு எண்ணும் வேறு வேறாக இருப்பது இரண்டாயிரத்துப் பதிமூன்று ஒன்றில்தான். போகட்டும். எந்த வரிசையில் அமுக்கினாலும் திறக்கிறதே? எங்கள் கணக்கு டீச்சர் சிஸ்டர் அசம்ப்டா கரும்பலகையைப் பிரம்பால் தட்டிக் கேட்பார். "வரிசை முக்கியமா, பெண்களே? முக்கியமில்லை என்றால் வகுத்துவிடுங்கள்." வகுத்தேன். பத்தாயிரம் விதம் சுருங்கி இருநூற்றுப்பத்தாக நின்றது. ஒரு திருடன் பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தால், டீ ஆறுவதற்குள் எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்து சர்க்கரை கேட்பான்.

 பிறகு வேறொன்று தோன்றியது. எப்படியும் யாரோ ஒருவர் இந்தப் பூட்டைத் திறக்கத்தான் போகிறார்கள். அது நானாக இருந்தால் என்ன?

வெளியே போயிருந்த ஃபெர்கல் ஆறு மணிக்கு வந்தான். கேக்கைப் பார்த்ததும் உட்கார்ந்தான்.

"டால்ட்டி வந்தாளா?"

"வந்தாங்க. ஆறிடப்போகுது, சாப்பிடு." பொய் சொல்லக் கூடாது என்று மடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்காததைச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஃபெர்கல், நீ எண்ணைச் சொல்லாமலே நான் இந்தப் பூட்டைத் திறந்துட்டா?"

அவன் சிரித்தான். வாயில் கேக் இருந்ததால் சிரிப்பு மேசை முழுக்க விழுந்தது.

"நீயா?"

"நான்தான். திறந்துட்டா எனக்குத் தாழ்ப்பாள் வேணும். நீ பகல் ஷிஃப்ட் கேக்கணும். ராத்திரி உள்ள இருந்தா, மழைல நிக்க வேண்டாம் பாரு."

"பகல் ஷிஃப்டுக்கு இடமில்லன்னு சொன்னேனே."

"கேக்கறதுக்கு இடம் எதுக்கு? வாய் இருந்தா போதும்."

"சரி. திறக்கலேன்னா தாழ்ப்பாள் பேச்சை விட்டுடணும். அந்த நாற்காலியையும் எடுத்துடணும். தினமும் விடியக்காலைல டீ போடப் போறப்ப என் முழங்காலை உடைக்குது."

 தோற்றால் அந்த நாற்காலியும் போய்விடும். அப்புறம் இரவு முழுக்க நானும் டாராவும் பாய்லரும்தான்.

"சரி," என்றேன். டாராவை அவன் மடியில் வைத்தேன். வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். மழை தூறியது. ரெண்டு, பூஜ்யம், ஒண்ணு, மூணு. உள்ளே வந்தேன். ஃபெர்கலின் இரண்டாவது துண்டு கேக் இன்னும் வாய்க்குப் போய்ச் சேரவில்லை.

"நான் தூக்கத்துல உளறினேனா?"

"நீ தூங்கறது பகல்ல. அப்ப நான் துணி துவைச்சிட்டிருப்பேன். நீ என்ன உளறினாலும் மெஷின்தான் கேக்கும்."

"இது செல்லாது. அது ஊருக்கே தெரிஞ்ச வருஷம்."

"ஊருக்கே தெரிஞ்சதைத்தான் வீட்டுக்குக் காவல் வெச்சியா?"

மறுநாள் பூட்டைக் கழற்றிச் சமையலறை மேசையில் பரப்பினான். உள்ளே பொத்தானுக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன உலோகத் துண்டுகள். எண்ணில் சேருவதற்குச் சிவப்பு முனை, சேராததற்கு நீல முனை. ஒவ்வொன்றையும் என் புருவம் திருத்தும் இடுக்கியால் எடுத்து இடம் மாற்றினான். ஒரு ஸ்பிரிங் எகிறி வெண்ணெயில் விழுந்தது. இன்னொன்று எங்கே போனது என்று தெரியாமல் டாராவைத் தூக்கி, வாயைத் திறந்து, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டேன். அது ஃபெர்கலின் தாடியில் இருந்தது.

"இந்தத் தடவை நானே யோசிக்கல. கண்ணை மூடிக்கிட்டு எடுத்தேன்," என்றான். "இந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது."

"நல்லது," என்றேன்.

அவன் கை கழுவப் போன நேரத்தில் நான் வாசலுக்குப் போனேன். டாராவின் பின்பக்கத்துக்குப் போடுகிற களிம்பைச் சுண்டுவிரலில் எடுத்து, பத்துப் பொத்தான்களிலும் பூசியும் பூசாததுமாகத் தடவினேன். பிறகு உள்ளே வந்து, கணப்பில் போடக் கரி தீர்ந்துவிட்டது என்றேன். உண்மையிலேயே தீர்ந்திருந்தது. மீதிக் கரியை மிஸஸ் டால்ட்டிக்குக் கொடுத்திருந்தேன்.

கரி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் திரும்பி வந்த தோரணையை எல்லோரும் பார்த்திருக்க வேண்டும். இடுப்பில் சாவி இல்லாத மனிதனின் நடை. உடம்பால் பூட்டை மறைத்துக்கொண்டு டிக், டிக், டிக், டிக் என்று திறந்து உள்ளே வந்தான். நான் அவனிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு டார்ச்சோடு வெளியே போனேன். ஆறு பொத்தான்கள் களிம்பில் மினுங்கின. நான்கில் விரல் பட்டு மங்கியிருந்தது. எது முதல், எது கடைசி என்ற கவலையே இல்லை. இடமிருந்து வலமாக அமுக்கினேன்.

நான் உள்ளே நுழைந்தபோது ஃபெர்கல் தன் விரலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன வாசனை இது?"

"டாராவோட களிம்பு."

"என் விரல்ல எப்படி வந்துச்சு?"

"அமுக்கின விரல்தானே அது."

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனான்.

"இது ஏமாத்து வேலை," என்றான் அங்கிருந்தே.

"திருடன் என்ன, ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா வருவான்? களிம்பு இல்லேன்னா இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும். தினமும் அமுக்கி அமுக்கி அந்த நாலு பொத்தான் மட்டும் தேஞ்சு பளபளன்னு நிக்கும். வாசல்லயே எழுதி ஒட்டின மாதிரி."

"மாசாமாசம் எண்ணை மாத்துவேன்."

"அந்த வெண்ணெயை வெச்சுக்கிட்டா?"

அவன் ஈரக் கையோடு வந்து நின்றான். முகம் சிவந்திருந்தது. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. முட்டாள் இல்லை என் ஃபெர்கல். எனக்குப் பயம் என்று தெரிந்து, தானாகவே கடைக்குப் போய், இருப்பதில் பெரிய பெட்டியாகப் பார்த்து வாங்கி வந்தவன். பெரிய பெட்டியில் பெரிய பாதுகாப்பு இருக்கும் என்று நம்பியவன்.

"கடைசித் தடவை," என்றான். "ஞாயித்துக்கிழமை. எண்ணை மாத்திடுவேன், பொத்தானைத் துடைச்சு வெச்சிடுவேன், நானே உள்ள உக்காந்து காவல் காப்பேன். வெளியே போன நீ எப்படியாவது உள்ள வந்துட்டேன்னா நான் தோத்தேன். அப்புறம் செல்லும் செல்லாதுங்கற பேச்சே கிடையாது."

"எப்படியாவது வந்தா போதுமா?"

"எப்படியாவது."

இதை அவன் சொன்னபோது நான் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டேன். சாட்சிக்கு ஒருவர் இருந்தால் நல்லதுதானே.

ஞாயிறு பூசை முடிந்து வந்தோம். ஃபெர்கல் கூடத்தில் நாற்காலியைப் போட்டு, முன் கதவுக்கு நேராக, கையில் டீயோடு உட்கார்ந்தான். மடியில் ஹர்லிங் மட்டை. நான் டாராவைத் தள்ளுவண்டியில் வைத்து முன் கதவு வழியாக வெளியே போனேன். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. கடிதத் துளையை விரலால் தூக்கினேன். உள்ளேயிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது.

"குளிருதா, ரோஷின்?"

"கொஞ்சம்."

"இப்பவே ஒத்துக்கிட்டா சூடா டீ தர்றேன்."

"அங்கயே உக்காந்திரு. எங்கயும் போயிடாத."

"நான் ஏன் போறேன்," என்றது அந்தக் கண்.

எங்கள் ஊரில் முன் கதவு என்பது ஃபாதருக்கும், ஓட்டு கேட்க வருகிறவர்களுக்கும், சவப்பெட்டிக்கும் உரியது. மற்ற எல்லோரும் எல்லாக் காலத்திலும் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்ச் சமையலறைக்குள் நுழைந்து "யாரும்மா வீட்ல" என்று கேட்பார்கள். அந்தப் பின் கதவுகளுக்குப் பூட்டு உண்டு. சாவி எங்கே என்று எந்த வீட்டிலும் யாருக்கும் தெரியாது. என் நாற்காலி தினமும் நின்றது அங்கேதான். தினமும் விடியக்காலையில் அதில் இடித்துக்கொண்ட மனிதன், அது எதற்காக அங்கே நிற்கிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். மிஸஸ் டால்ட்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையில் அவர் துணி துவைத்து நான் பார்த்ததே இல்லை. டாராவை அவரிடம் விட்டேன். கைப்பிடியைத் திருப்பினேன். சமையலறை. கெட்டில் இன்னும் சூடாக இருந்தது. ஒரு கோப்பை டீ ஊற்றி, பால் விட்டு, கூடத்துக்குக் கொண்டுபோய், பின்னால் நின்று அவன் தோளைத் தொட்டேன்.

"டீ ஆறியிருக்கும். வேற குடி."

"அங்க வெச்சிடு," என்றான், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகுதான் துள்ளினான். மட்டை ஒரு பக்கம் போனது, பழைய டீ ஒரு பக்கம் போனது.

"நீ... எந்த வழியா..."

"எல்லாரும் வர்ற வழியா."

"பின் கதவு கணக்கில்ல, ரோஷின். பின் கதவு வழியா யாரு வருவா?"

"யாரும்மா வீட்ல," என்று கேட்டுக்கொண்டே மிஸஸ் டால்ட்டி டாராவோடு சமையலறையிலிருந்து வந்தார்.

ஃபெர்கல் அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பளபளவென்று பூட்டிக் கிடந்த முன் கதவைப் பார்த்தான். பெரிய பெட்டியில் வந்த பூட்டு. அதைத் தாண்டி ஒருவரும் வரவில்லை என்பது உண்மைதான்.

"எங்க அக்கா பையன் உன்னை விசாரிச்சான், ஃபெர்கல்," என்றார் மிஸஸ் டால்ட்டி. "பகல்ல ஆள் பத்தலையாம்."

திங்கட்கிழமை கேட்டான். புது வருடத்தின் முதல் வாரத்தில் மாற்றிவிட்டார்கள். அந்த வாரச் சனிக்கிழமை தாழ்ப்பாள் வாங்கப் போனோம். கடையில் இரும்புத் தாழ்ப்பாள்களை ஓர் அட்டையில் இரண்டிரண்டாகக் கட்டித்தான் விற்றார்கள். ஒன்றைச் சமையலறைக் கதவில் மாட்டினான். நான் தள்ளிப் பார்த்தேன். டடக். இருபது தடவை தள்ளிப் பார்த்தேன். அதற்கு எண் இல்லை, சிவப்பு இல்லை, நீலம் இல்லை. உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் நிபந்தனை.

"இன்னொண்ணு மிச்சம் இருக்கே," என்றான்.

"படுக்கையறைக் கதவுல போடேன். உள்பக்கம்."

"படுக்கையறைக்கா?"

"ம்."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. டாரா பிறந்ததிலிருந்து நான் பார்க்காத வெளிச்சம். விசிலடித்துக்கொண்டே மாட்டினான். ஆணி சரியாக உட்கார்ந்ததா என்று மூன்று தடவை பார்த்தான். தலை வேறு வாரிக்கொண்டான்.

அன்று ராத்திரி சமையலறைத் தாழ்ப்பாளை அவனே போட்டான். காற்று கடிதத் துளையைத் தட்டியது. காற்றுதான். பாய்லர் இருமியது. அது வெறும் பாய்லர், பாவம், வயதானது. மாடிப்படியில் அவன் காலடிச் சத்தம் கேட்டது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக எனக்கு விளக்கை அணைக்கத் தோன்றியது.

அப்போது டாரா ஆரம்பித்தான். மேல் வரிசையில் இரண்டு பல் ஒரே நேரத்தில் வருகிறது. தெரு முழுக்கக் கேட்கிற குரல்.

ஃபெர்கல் என்னைப் பார்த்தான். நான் டாராவைத் தூக்கி, முத்தம் கொடுத்து, அவன் கையில் வைத்தேன். தோளில் ஒரு துண்டைப் போட்டேன்.

"பால் புட்டி சூடா இருக்கு. களிம்பு அலமாரியில. அது எந்த விரல்ல படணும்னு உனக்கே தெரியும்."

அவனை மெல்லப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிவிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்தினேன்.  டாரா மூச்சு வாங்க நிறுத்தினான்.

"ரோஷின்," என்றான் ஃபெர்கல், கதவின் அந்தப் பக்கம், ரொம்பச் சின்னக் குரலில். "நான் எப்ப உள்ள வர்றது?"

"உன் ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சதும்," என்று சொல்லிவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டேன்.